திருகுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ: கோரஸ் பெடலின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திணறல்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். ஒலித்துண்டு வரும் இடங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கு.)

இந்த வாரம் ஒரு குற்ற ஒப்புதலோட ஆரம்பிக்கிறேன்.

போன தீபாவளி லீவுக்கு மதுரை போயிருந்தேன். எங்க மாமா, அம்மாவோட அண்ணன், ஒரு மெல்லிசைக் குழுவில் பத்துப் பன்னிரண்டு வருஷம் கிட்டார் வாசித்தவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, காலேஜ் விழான்னு ஊர் ஊராகப் போனவர். அந்தக் காலத்தில் வாங்கின ஒரு கோரஸ் பெடல் இன்னும் அவர்கிட்ட இருக்கு. அதை என் கையில் கொடுத்து, “சத்தம் கரகரங்குது மாப்ள. நீதான் எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிருக்கியே, என்னன்னு பாரு” என்றார்.

நான் படிச்சது இ.சி.இ. தினமும் செய்யறது பேக்எண்ட் கோடு. ஆனா மாமா அப்படிக் கேட்டா மறுக்க முடியுமா? அடிப்பக்கம் நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். சர்க்யூட் போர்டில் மூணு சின்ன ட்ரிம்மர் இருந்தது. வெளியில் இருக்கும் நாப் வாசிக்கிறவருக்கு. ட்ரிம்மர் உள்ளே இருப்பது. ஃபேக்டரியில் ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவரால் திருகி செட் பண்ணிட்டு மூடிடுவாங்க. எது என்ன பண்ணுதுன்னு பார்க்கிறேன்னு மூணையும் திருகிட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கலை. நம்ம பாஷையில சொன்னா, பேக்கப் எடுக்காம புரொடக்‌ஷன்ல கை வெச்சேன்.

கரகரப்பு போயிடுச்சு. பெருமையா நீட்டினேன். மாமா ரெண்டு கார்ட் வாசித்தார், நிறுத்தினார். “கரகரப்பு போயிருச்சு. ஆனா இது என் பெடல் இல்ல மாப்ள.”

[ஒலி: மாமாவின் கிட்டார், பெடலோடு]

முப்பது வருஷத்துக்கு மேல அந்த மூணு ஸ்க்ரூவும் ஒரு இடத்தில் நின்னுச்சு. அந்த இடம் எங்கேயும் எழுதி வைக்கப்படலை. நான் அழிச்சிட்டேன். அதைத் திரும்பக் கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு. அந்த ஸ்க்ரூக்கள் எதைப் பிடிச்சு வெச்சிருந்ததுன்னு புரிய, கோரஸ் பெடலோட வரலாற்றையே படிக்க வேண்டி வந்தது. அந்த வரலாறுதான் இன்னிக்கு எபிசோட்.

ஒரே ஆள், ரெண்டு குரல்

கல்யாண வீட்டில் ரெண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிக்கிறதைக் கேட்டிருப்பீங்க. ஒரு நாகஸ்வரத்தோட வால்யூமைக் கூட்டினா அந்தச் சத்தம் வராது. ரெண்டு பேர் சேரும்போது சத்தம் பெரிதாவதோட அகலமாகவும் ஆகுது. காரணம், ரெண்டு பேரும் நூல் பிசகாம ஒண்ணா வாசிக்கிறதில்லை. ஒருத்தர் ஒரு மயிரிழை முந்துவார், இன்னொருத்தர் சுருதியில் ஒரு மயிரிழை நகர்வார். அந்தச் சின்ன விலகல் மாறிக்கிட்டே இருப்பதால்தான் நம்ம காது “ரெண்டு பேர்”னு கண்டுபிடிக்குது. சர்ச்சில் பாடும் கொயரிலும் இதுதான் நடக்குது. கோரஸ்னு பேர் வந்ததே சேர்ந்து பாடுறதிலிருந்துதான்.

இந்த விலகலை மெஷினில் உண்டாக்க முடியுமா? 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டான் லெஸ்லி என்பவர், ஹேமண்ட் ஆர்கனுக்காக ஒரு ஸ்பீக்கர் பெட்டி செய்தார். ஸ்பீக்கரின் வாய்ப்பகுதி மோட்டாரால் சுத்தும். நம்மை நோக்கி வரும்போது சுருதி லேசாக ஏறும், விலகும்போது இறங்கும். ஹாரன் அடிச்சிக்கிட்டே கடந்து போகும் ரயிலின் அதே விளைவு. அருமையான சத்தம், ஆனா பீரோ மாதிரி ஒரு பெட்டி.

அடுத்து 1966, லண்டன். பின்னாளில் ஆபி ரோடு என்று பேர் பெற்ற இ.எம்.ஐ. ஸ்டுடியோ. அப்போ பாடகரின் குரலை கனமாக்க, அதே வரியை ரெண்டு தடவை பாட வைத்து ஒண்ணு மேல ஒண்ணு சேர்ப்பாங்க. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுக்கு அப்படித் திரும்பத் திரும்பப் பாடுறது பிடிக்காது. ஸ்டுடியோ இன்ஜினியர் கென் டவுன்சென்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடினதை இன்னொரு டேப் மெஷினுக்கு அனுப்பி, கொஞ்சம் தாமதமாக்கி, அந்த மெஷினின் வேகத்தை லேசாக ஏற்றி இறக்கி, ஒரிஜினலோடு கலந்தார். ஒரு தடவை பாடினா போதும், ரெண்டு பேர் பாடின மாதிரி கேட்கும்.

தத்துவம் இங்கேயே முழுசா வந்துடுச்சு: ஒரு நகல் எடு, சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்து, அந்தத் தாமதத்தை மெதுவாக ஆட்டு, ஒரிஜினலோடு கல. ஆனா ரெண்டு டேப் மெஷினை கிட்டார்காரர் காலடியில் வைக்க முடியாதே.

சர்க்யூட்டில் செய்யலாம்னா, ஒரு மின் சிக்னலை 5 மில்லிசெகண்ட் நிறுத்தி வைக்கிறது லேசான வேலை இல்லை. வயர் வழியா சுத்த விட்டுத் தாமதப்படுத்தணும்னா சுமார் 1000 கிலோமீட்டர் வயர் வேணும். சென்னையிலிருந்து கன்னியாகுமரி போயும் மிச்சம் இருக்கும்.

தளம் போடும் சட்டி

1969ல் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற ரெண்டு பேர் இதற்கு விடை சொன்னாங்க. அவங்க வெச்ச பேர் ‘பக்கெட் பிரிகேட்’. தீ விபத்தில் மக்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது மாதிரி.

நமக்கு இன்னும் பழக்கமான காட்சி ஒண்ணு இருக்கு. வீட்டுக்குத் தளம் போடும்போது கீழே கலக்கிற கான்கிரீட் எப்படி மேலே போகும்? வரிசையாக ஆட்கள் நிற்பாங்க, சட்டி கைமாறிக்கிட்டே போகும். இந்தச் சிப்பிலும் அதேதான். ஆட்களுக்குப் பதில் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள். சட்டியில் இருப்பது மின்னூட்டம். சிக்னல் அந்த நொடியில் எவ்வளவு உயரத்தில் இருக்கோ, அந்த அளவு சட்டி நிறையும். ஒரு க்ளாக் ‘ம், ம்’னு தாளம் கொடுக்க, ஒவ்வொரு தாளத்துக்கும் சட்டி அடுத்த ஆளிடம் போகும். டிஜிட்டல் கிடையாது, ஒண்ணு பூஜ்யம் எதுவும் இல்லை. சட்டியின் அளவு அப்படியே கைமாறுது.

ஒரு சின்ன நுணுக்கம். கையில் சட்டி இருக்கிறவர், காலிக் கையோட இருக்கிறவரிடம்தான் கொடுக்க முடியும். அதனால எந்த நேரத்திலும் வரிசையில் பாதிப் பேர் கை காலியா இருக்கணும். அதான் கணக்கில் ஒரு 2 வருது: தாமதம் என்பது ஆட்களின் எண்ணிக்கையை, க்ளாக் வேகத்தின் ரெண்டு மடங்கால் வகுத்தது.

ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம், நமக்குத் தெரிந்த பேரில் பானசோனிக், செய்த எம்.என். 3007 என்ற சிப்பை எடுத்துக்கலாம். வரிசையில் 1024 ஆட்கள். க்ளாக் நொடிக்கு 1 லட்சம் தடவை அடித்தா தாமதம் 5.12 மில்லிசெகண்ட். 50 ஆயிரம் தடவை அடித்தா 10.24.

இப்போ மேஸ்திரி தாளத்தை மெதுவாக வேகமாக்கி, மெதுவாகக் குறைக்கிறார்னு வைங்க. அவர் வேகமாக்கும்போது, கீழே கிளம்பின இடைவெளியைவிட நெருக்கமாகச் சட்டிகள் மேலே வந்து சேரும். நெருக்கம்னா சுருதி ஏறுது. குறைக்கும்போது சுருதி இறங்குது. தாமதம் 5லிருந்து 10 மில்லிசெகண்டுக்கு அரை நொடியில் நகர்ந்தா, சுருதி சுமார் 1 சதவீதம் மாறும். அதாவது ஒரு செமிடோனில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அபசுரம்னு சொல்ல முடியாத, ஆனா காது கவனிக்கிற விலகல். ரெண்டாவது நாகஸ்வரக்காரர் வந்துட்டார்.

ஒசாகாவில் ஒரு கடிகார ரிப்பேர்காரர்

இந்தச் சிப்பை மேடைக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் இக்குதாரோ காக்கெஹாஷி. டீன்ஏஜில் கடிகாரம் ரிப்பேர் செய்து பிழைத்தவர். காசநோயில் வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவர். 1972ல் ஒசாகாவில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். கடிகாரம் ரிப்பேர் செய்தவரோட கம்பெனி, க்ளாக்கை வேணும்னே தள்ளாட விட்டுப் பேர் வாங்கினது எனக்கு ரொம்பப் பிடிச்ச தற்செயல்.

1975ல் ரோலண்ட் ஜே.சி.-120 என்ற ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. பேரே ஜாஸ் கோரஸ். ரெண்டு 12 அங்குல ஸ்பீக்கர். ஒண்ணில் கிட்டார் அப்படியே வரும், இன்னொண்ணில் தாமதமாகி ஆடுற நகல் வரும். ரெண்டும் கலப்பது சர்க்யூட்டில் இல்லை, நமக்கு முன்னால இருக்கும் காற்றில்.

அடுத்த வருஷம், 1976ல், அந்தக் கோரஸ் பகுதியை மட்டும் தனியாக எடுத்து ஒரு பெட்டியில் போட்டாங்க. ரோலண்டின் பாஸ் பிராண்டில் வந்த சி.இ.-1. கனமான பெட்டி, பேட்டரி கிடையாது, நேரா மெயின்ஸ் கரண்ட். 1979ல் வந்த சி.இ.-2 காலடியில் அடங்கும் சின்னப் பெட்டி, 9 வோல்ட், உள்ளே எம்.என். 3007. வெளியில் ரெண்டே நாப்: ரேட், டெப்த். எவ்வளவு வேகமாக ஆடணும், எவ்வளவு தூரம் ஆடணும். 80களின் கிட்டார் சத்தம்னு நாம நினைக்கிறதில் பெரிய பங்கு இந்த ரெண்டு நாப்புக்கு உண்டு.

நியூயார்க்கின் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் செய்த ஸ்மால் க்ளோன் இன்னும் ஒரு படி போச்சு. டெப்த்துக்கு நாப்பே இல்லை. மேலே கீழேன்னு ரெண்டு நிலை கொண்ட ஒரு சுவிட்ச் மட்டும். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் 1991ல் ‘கம் ஆஸ் யூ ஆர்’ பாட்டில் பயன்படுத்தினது இதைத்தான். அந்தப் பாட்டின் தண்ணிக்கடியில் இருக்கிற மாதிரியான கிட்டார் எவ்வளவு ஆடணும் என்பதை முடிவு செய்தது கோபேன் மட்டும் இல்லை. சர்க்யூட்டை வடிவமைத்தவரும் சேர்ந்துதான்.

என்னை நிறுத்தின இடம் இது. வெளி நாப் ‘கொஞ்சமா, நிறையவா’ன்னு கேட்குது. ‘நிறைய’ன்னா எவ்வளவுன்னு சொல்றது உள்ளே இருக்கும் அளவு. நான் திருகினது அந்த அளவைத்தான்.

மூணு ஸ்க்ரூ

சென்னை திரும்பினதும் நண்பன்கிட்ட ஒரு பழைய சி.ஆர்.ஓ. கடன் வாங்கினேன். லேப்ல ரீடிங் வராம பக்கத்து பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து எழுதினவன் நான். இப்போ நிஜமாவே ரீடிங் தேவைப்பட்டது. மாமாவோட பெடல் எந்த பிராண்டுன்னு சொல்லப்போறதில்லை. கெடுத்தது நான், கம்பெனி இல்லை. உள்ளே இருந்தது எம்.என். 3007தான்.

முதல் ட்ரிம்மர், பயாஸ். ஒலி அலை பூஜ்யத்துக்கு மேலேயும் போகும், கீழேயும் போகும். ஆனா சட்டியில் மைனஸ் கான்கிரீட் போட முடியாது. அதனால பாதிச் சட்டியைப் பூஜ்யம்னு வெச்சுக்கிறோம். பாதிக்கு மேல போனா பிளஸ், கீழே போனா மைனஸ். அந்தப் பாதி எங்கேன்னு சொல்ற ஸ்க்ரூதான் பயாஸ். அது மேலே நகர்ந்தா சட்டி வழிஞ்சிடும், கீழே நகர்ந்தா அடி தட்டும். ரெண்டிலும் சத்தம் கரகரக்கும். மாமா கேட்ட கரகரப்பு இதுதான்.

சோதிக்கிற முறை எளிது. லேப்டாப்பிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை உள்ளே அனுப்பணும். சிப்பைத் தாண்டி வரும் அலையை சி.ஆர்.ஓ.வில் பார்க்கணும். அலையின் தலை வெட்டுப்படுற வரைக்கும் அளவைக் கூட்டணும். தலை மட்டும் வெட்டுப்பட்டா ஸ்க்ரூவைத் திருகி, தலையும் காலும் ஒரே நேரத்தில் வெட்டுப்படுற மாதிரி செய்யணும். அதுதான் நடு. சி.ஆர்.ஓ. இல்லாதவங்க காதால செய்யலாம்: ஸ்க்ரூவை ஒரு பக்கம் திருகினா சத்தம் கரகரத்து மறையும், மறுபக்கமும் அப்படியே மறையும். ரெண்டு எல்லைக்கும் நடுவில் விடணும்.

[ஒலி: பயாஸ் ஸ்க்ரூவை ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைக்குத் திருகும்போது]

ரெண்டாவது, பேலன்ஸ். வரிசையின் கடைசியில் ரெண்டு பேர் மாறி மாறிக் கொட்டுறாங்க. ரெண்டையும் சரியான விகிதத்தில் சேர்த்தா, மேஸ்திரியின் ‘ம், ம்’ சத்தம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். சிக்னல் எதுவும் கொடுக்காம, திரையில் தெரியும் க்ளாக்கின் மிச்சம் மிகக் குறைவாகும் வரை திருகணும்.

இந்த ரெண்டுக்கும் சரியான விடை உண்டு. பெடல் தானே சொல்லிடும். எனக்கு வயித்தைக் கலக்கினது மூணாவது. க்ளாக் எந்த வேகத்திலிருந்து எந்த வேகம் வரைக்கும் ஆடணும் என்பதைத் தீர்மானிக்கும் ஸ்க்ரூ அது. அதைக் கொஞ்சமா வெச்சாலும் பெடல் வேலை செய்யும், நிறைய வெச்சாலும் வேலை செய்யும். அலை வெட்டுப்படாது, இரைச்சல் வராது. எங்கே நிறுத்துறதுன்னு சி.ஆர்.ஓ. சொல்லாது. யாரோ ஒருத்தர் கேட்டுப் பார்த்து “இது போதும்”னு முடிவு பண்ணின இடம் அது. கம்பெனிகள் டெக்னீஷியன்களுக்காக சர்வீஸ் நோட்ஸ் அச்சடிப்பாங்க, அந்த எண் அதில் இருக்கும். மாமாவோட பெடலுக்கு அது கிடைக்கலை.

எது ஒரிஜினல்?

சர்வீஸ் நோட்ஸ் கிடைச்சிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது. அதில் இருப்பது புதுப் பெடலுக்கான எண். முப்பது வருஷத்தில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்து மதிப்பு மாறும். ட்ரிம்மரின் உள்ளே தொடும் இடம் கறுக்கும். மாமா சொல்ற “என் பெடல்”, ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த பெடலா, அவர் காலடியில் மெதுவாக மாறின பெடலா?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வரலை. 1983ல் பாஸ் நிறுவனமே டி.டி.-2 என்ற டிஜிட்டல் டிலே பெடலைக் கொண்டு வந்தது. மெமரி சிப் விலை இறங்க இறங்க, சட்டி கைமாற்றும் சிப்புக்கு வேலை குறைந்தது. பின்னாளில் மட்சுஷிதா அந்தச் சிப்களைச் செய்வதை நிறுத்தியது. அப்புறம் பழைய பெடலுக்கு மவுசு கூடினதும், வேறு நிறுவனங்கள் அந்தச் சிப்களின் நகல்களைச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஆன்லைனில் பழைய எண் அச்சடிச்ச போலிகளும் வந்தது. புதுச் சிப்பைப் போட்டா பயாஸை முதலிலிருந்து செட் பண்ணணும். பழைய ஸ்க்ரூ நிலை அந்தப் பழைய சிப்புக்கானது.

2016ல் பாஸ் சி.இ.-2டபிள்யூ வெளியிட்டது. அனலாக் சர்க்யூட், உள்ளேயே சி.இ.-1ன் சத்தமும் உண்டு. அதைச் செய்தவங்க என்ன யோசிச்சிருப்பாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். எந்த சி.இ.-1? 1976ல் பெட்டியிலிருந்து எடுத்ததா, நாற்பது வருஷம் மேடைகளில் மிதிபட்டதா? சர்க்யூட் படம் ஒண்ணுதான். சத்தம் ஒண்ணில்லை. ஒரு கருவியின் வரலாற்றில் சர்க்யூட் படம் பத்திரமா இருக்கும், ஸ்க்ரூ எங்கே நின்னுச்சு என்பதுதான் முதலில் தொலையும்.

சாட்சி நம்பர் 2: ஒரு கேசட்

போன்ல மாமாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டலை. “1991ல ஒரு ரிசப்ஷன் கச்சேரிய வீடியோக்காரர் கேசட்ல எடுத்துக் கொடுத்தார். பரண்ல கிடக்கும். உதவுமா?” என்றார். அப்போ அவருக்கு 28 வயசு. இப்ப எனக்கு இருக்கிற வயசு.

கேசட்டை டிஜிட்டலாக்கி, கிட்டாரின் சுருதி எவ்வளவு ஆடுதுன்னு அளக்கப் போனேன். அசடு வழிஞ்சேன். கிட்டார் ஆடுது சரி, அதே நேரத்தில் கீபோர்டில் நீளமாகப் பிடிச்ச சுரமும் ஆடுது. கீபோர்டு ஏன் ஆடணும்? டேப் ஆடுது. பழைய கேசட், பழைய டெக். நாடா ஓடும் வேகமே நிலையா இல்லை. நான் தேடுற விலகலும் டேப்பின் விலகலும் ஏறக்குறைய ஒரே அளவு. எதை எதிலிருந்து கழிக்கிறது?

ரெண்டு வாரம் அதிலேயே தொங்கினேன். வழி காட்டினது மாமாதான். “அந்த ரெண்டாவது பாட்டு இன்டர்லூட்ல கம்பிய இடது கையால அமுக்கிட்டு சுரண்டுவேன். சக்கு சக்குன்னு. அதுல சுருதியே இருக்காதுல்ல, அது உனக்கு ஆகாதா?”

எனக்குப் பொறி தட்டிச்சு. சுரண்டல் என்பது எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல். அதோட அதன் தாமத நகலைக் கலந்தா, சில அலைவரிசைகள் ஒண்ணையொண்ணு அடிச்சு மறைஞ்சிடும். 5 மில்லிசெகண்ட் தாமதம்னா 100, 300, 500 ஹெர்ட்ஸ்னு 200 இடைவெளியில் பள்ளங்கள் விழும். 10 மில்லிசெகண்ட்னா 100 இடைவெளியில். சீப்பின் பல் மாதிரி. பல் இடைவெளியை அளந்தா தாமதம் தெரியும். டேப்பின் வேகம் 1 சதவீதம் ஆடினா, இந்த அளவும் 1 சதவீதம்தான் தப்பும். நான் தேடுறது மடங்குக் கணக்கில் வித்தியாசம். சுருதியை அளந்தப்போ என்னைக் கொன்ன டேப், இங்கே சாது ஆயிடுச்சு.

[ஒலி: கேசட்டிலிருந்து சுரண்டல் பகுதி, 1991]

முப்பது சொச்சம் ‘சக்கு’களை வெட்டி எடுத்தேன். பாதியில் டிரம்ஸ் மேலே விழுந்து எதுவும் தெரியலை. மிச்சத்தில் பள்ளங்கள் தெளிவா இருந்தது. நெருக்கமான இடத்தில் சுமார் 100 ஹெர்ட்ஸ், அகலமான இடத்தில் சுமார் 167. அதாவது தாமதம் 10லிருந்து 6 மில்லிசெகண்ட் வரைக்கும் ஆடியிருக்கு. 1024 ஆட்கள் கணக்கில், க்ளாக் 51 கிலோஹெர்ட்ஸிலிருந்து 85 வரை.

ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. அன்னிக்கு வெளி டெப்த் நாப் எங்கே இருந்தது? கேட்டேன். “டெப்த் எப்பவும் ஃபுல்தான். ரேட் மட்டும் கடிகாரத்துல ஒன்பது மணி. கச்சேரி முழுக்கத் தொடவே மாட்டேன்.”

நான் திருகினதுக்கு அப்புறம் பெடல் எவ்வளவு ஆடிச்சுன்னு அளந்தேன். 6லிருந்து 7. நாலு மில்லிசெகண்ட் ஆடினதை நான் ஒண்ணாக்கியிருக்கேன். ரெண்டாவது நாகஸ்வரக்காரரை முதல் ஆளோட ஒட்டி உட்கார வெச்சுட்டேன். “என் பெடல் இல்ல”ன்னு அவர் ரெண்டு கார்டில் சொன்னது இதைத்தான்.

மூணு பழைய சாட்சிகள்

பொங்கலுக்கு மறுபடி மதுரை. டெப்த் நாப்பை ஃபுல்லா வெச்சு, மூணாவது ஸ்க்ரூவைத் திருகி, க்ளாக்கின் கீழ் எல்லையை 51க்குக் கொண்டு வந்தேன். மேல் எல்லை 83ல் நின்னுச்சு. 85 இல்லை. பாகங்கள் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

மாமா பத்து நிமிஷம் எதுவும் பேசாம வாசித்தார். அப்புறம் சொன்னார்: “கிட்டக்க வந்துட்ட.”

“அதேதானா மாமா?”

“அதேதான்னு நான் சொன்னா பொய். மேடையில டிரம்ஸுக்குப் பக்கத்துல நின்னு நின்னு எனக்கு இப்ப மேல் சத்தமெல்லாம் கேக்கிறதே இல்ல. அன்னிக்குக் கேட்ட காது இல்ல இது.”

யோசிச்சுப் பாருங்க. பெடலின் கெப்பாசிட்டர் மாறியிருக்கு. கேசட்டின் வேகம் மாறியிருக்கு. மாமாவோட காதும் மாறியிருக்கு. மூணு சாட்சி, மூணும் தன் இடத்தை விட்டு நகர்ந்தது. 1991ன் அந்த ராத்திரிக்கு நேராகப் போக எனக்கு வழியே இல்லை. ஆனா மூணும் ஒவ்வொரு விதத்தில் தப்பு. டேப் சுருதியில் தப்பு சொல்லும், பள்ளத்தில் சொல்லாது. மாமாவின் காது மேல் சத்தத்தில் தப்பு சொல்லும், நாப் எங்கே இருந்ததுன்னு நினைவு தப்பாது. ஒருத்தர் தப்பை இன்னொருத்தரை வெச்சுத் திருத்திக்கிட்டே போனா, ஒரு எண் கிடைக்குது. நான் பள்ளியில் வரலாற்றை மனப்பாடம் பண்ணினவன். வரலாறு எழுதுறவங்க தினமும் செய்யறது இதுதான்னு எனக்கு ஒரு ஸ்க்ரூ சொல்லிக் கொடுத்தது.

கடைசியா, மாமி நெயில் பாலிஷ் கொடுத்தாங்க. மூணு ட்ரிம்மர் தலையிலும் ஒரு சொட்டு. டெக்னீஷியன்கள் ஸ்க்ரூ நகராம இருக்க பெயிண்ட் வைக்கிற அதே பழக்கம். ஒரு துண்டுப் பேப்பரில் தேதி, பயாஸ் வோல்டேஜ், க்ளாக் 51லிருந்து 83, டெப்த் ஃபுல், ரேட் ஒன்பது மணின்னு எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசாப் படித்தார்.

“முக்கியமான ஒண்ண விட்டுட்ட மாப்ள.”

“என்ன மாமா?”

“யாரு திருகுனதுன்னு எழுதல.”

எழுதினேன். என் பேர், ரெண்டு தேதி: கெடுத்தது தீபாவளி, சரி பண்ணினது பொங்கல்.

அவ்வளவுதான் மக்களே இந்த வாரம். உங்க வீட்டுப் பரணில் பழைய பெடலோ ரேடியோவோ டெக்கோ இருந்தா தாராளமாத் திறந்து பாருங்க. மெயின்ஸில் ஓடுறதுன்னா பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே சார்ஜ் நிக்கும், விவரம் தெரிஞ்சவங்களைப் பக்கத்தில் வெச்சுக்கோங்க. எதைத் திருகுறதுக்கு முன்னாடியும் ஒரு போட்டோ எடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.

[ஒலி: மாமாவின் கிட்டார், பொங்கலன்று பதிவு செய்தது]